மாட்டுப் பொங்கல் இரவு 8.15: தரையில் வந்த அலை, மேலே எங்கே போனது?

மொட்டைமாடி
வேளச்சேரி வீட்டு மாடியில் சின்ன வானிலைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். நேற்று ஹார்ட் டிஸ்கைக் காலி செய்தபோது 2022 ஜனவரிக் கோப்பு கிடைத்தது. 15-ஆம் தேதி, மாட்டுப் பொங்கல். இரவு எட்டேகால் வாக்கில் காற்றழுத்தக் கோடு ஒரு துள்ளு துள்ளியிருக்கிறது. மழையும் இல்லை, புயலும் இல்லை. ஒன்றரை ஹெக்டோபாஸ்கல் போல ஏறி, அதே வேகத்தில் இறங்கி, அப்புறம் அடங்கிவிட்டது. மறுநாள் காலை பத்தரைக்கு இன்னொரு துள்ளல், கொஞ்சம் சின்னது. பசிபிக் கடலில் டோங்கா எரிமலை வெடித்ததன் அலை என்று அப்போதே இங்கே பேசினோம்.

இப்போது கேள்வி வேறு. அந்த எரிமலை, வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருக்கும் அயனி மண்டலத்தையே ஆட்டிவிட்டது என்கிறார்கள். என் கருவியில் அழுத்தம் மாறியது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்றே கிடையாது என்றுதான் பள்ளியில் சொன்னார்கள். இல்லாத காற்றில் எங்கிருந்து அலை? கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ?

சந்தேகப்பிராணி
மிகைதான். எரிமலை என்றால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஓய்வு_இயற்பியல்
மொட்டைமாடி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மேலே காற்று மெலிந்து கிடப்பதால்தான் அலை பெரிதாகிறது.

மாட்டுப் பொங்கல் என்கிறீர்கள், சாட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடியில் கை அசைவது ஒரு சாண். நுனிக்குப் போகும்போது அது ‘பளீர்’ என்கிறது. பிடி தடிமன், நுனி மெல்லிசு. கொடுத்த ஆற்றல் அதே அளவில் போகிறது, சுமக்கும் பொருள் குறைந்துகொண்டே வருகிறது, ஆகவே வேகம் கூடத்தான் வேண்டும். வளிமண்டலமும் அப்படித்தான். தரையோடு ஒப்பிட்டால் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட இருபது லட்சத்தில் ஒரு பங்கு. ஆற்றல் வீணாகாமல் ஏறினால் அலையின் வீச்சு அந்த இருபது லட்சத்தின் வர்க்கமூலம் அளவுக்குப் பெருகும், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேலே. கீழே நொடிக்குச் சில சென்டிமீட்டர் காற்றசைவு, அங்கே போனால் நொடிக்குப் பத்து இருபது மீட்டர். எல்லா அலையும் அங்கே போய்ச் சேராது. பாதியில் உடைந்து சிதறுவதே அதிகம், கரையில் கடல் அலை உடைகிற மாதிரி.

உங்கள் கருவியில் விழுந்தது லாம்ப் அலை என்ற வகை. ஹோரஸ் லாம்ப் என்ற கணித அறிஞரின் பெயர். அது தரையை ஒட்டியே, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்குச் சுமார் 315 மீட்டரில் ஓடும். ஓடும் வழியெல்லாம் மேல்நோக்கியும் ஆற்றலைக் கசியவிடும். 1883-இல் கிரகடோவா வெடித்தபோதும் உலகம் முழுக்கப் பாரோமீட்டர்களில் இதே அலைதான் பதிவானது. அப்போது மேலே பார்க்கக் கருவி இல்லை. 2022-இல் ஆயிரக்கணக்கான ஜிபிஎஸ் நிலையங்கள் விழித்திருந்தன. செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது அங்குள்ள எலக்ட்ரான்களின் அளவுக்கு ஏற்பத் தாமதமாகும். அந்தத் தாமதம் அலை அலையாக மாறியதைத்தான் ‘ஆட்டம்’ என்கிறார்கள். மிகை இல்லை.

கணினிக்கிளி
ஐயா, இதைத்தானே ஈர்ப்பு அலை என்கிறார்கள்? 2015-இல் அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பிடித்தது?

ஓய்வு_இயற்பியல்
இல்லை இல்லை. லைகோ பிடித்தது கருந்துளைகள் மோதியதில் வெளி-காலமே நெளிந்த அலை. இது வெறும் காற்று. மேலே தள்ளப்பட்ட கனத்த காற்றை ஈர்ப்பு கீழே இழுக்கும், இறங்கி வந்தால் மிதப்பு மேலே தள்ளும், அப்படி ஆடும் அலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர், அதை அப்படியே தமிழில் போட்டுக் குழப்பிவிட்டோம். நான் வகுப்பில் ‘மிதப்பு அலை’ என்றுதான் சொல்வேன். பாடநூலில் இருக்காது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் போனால் என்னைக் கேட்காதீர்கள்.

சிற்றலைக்காரர்
அண்ணாச்சிமார்களே, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சாட்சி. முப்பது வருஷமாக ஹாம் ரேடியோ. சிற்றலையில் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துக் கேட்டால், சில நாள் சாயங்காலம் சிக்னல் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மெதுவாக ஏறி இறங்கும். ஏரியல் கோளாறு என்று எத்தனை தடவை மாடி ஏறியிருப்பேன் தெரியுமா! அது நகரும் அலை. மேலே இருக்கிற அயனிப் படலம் கண்ணாடி மாதிரி நம் சிக்னலைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கண்ணாடியில் நெளிவு ஓடினால் சிக்னல் ஒரு நேரம் குவியும், ஒரு நேரம் சிதறும்.

இதில் இரண்டு ரகம். நடுத்தரம் என்பது சில நூறு கிலோமீட்டர் அலைநீளம், கால் மணியிலிருந்து ஒரு மணி வரை காலம். பெரிய ரகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே நீளம், நொடிக்கு 400 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை வேகம். பெரியது சூரியப் புயல் அடிக்கும்போது துருவப் பக்கத்திலிருந்து கிளம்பி நம் பக்கம் வரும். 1940-களில் ஆஸ்திரேலியாவில் மன்ரோ என்பவர் இந்த நெளிவுகளை அளந்துகொண்டிருந்தார். அது கீழிருந்து ஏறி வருகிற மிதப்பு அலையின் வேலை என்று கோலின் ஹைன்ஸ் 1960-இல் எழுதினார்.

இன்னொன்று, நம் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் சிற்பம் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். அதே ஊரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று 1990-களிலிருந்து நம் தலைக்கு மேல் எழுபது எண்பது தொண்ணூறு கிலோமீட்டரில் அடிக்கிற காற்றை அளந்துவருகிறது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, ஆறரை நாளைக்கு ஒரு தடவை என்று அந்தக் காற்று ஊசலாடும். உலகத்தையே சுற்றி வருகிற அலைகள் அவை. ஒரு முகடு இங்கே என்றால் அடுத்தது பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி.

யாழ்_வானொலி
அண்ணை, ஏன் திருநெல்வேலியில் கொண்டுபோய் வைச்சவை? மலை உயரமும் இல்லையே.

சிற்றலைக்காரர்
தம்பி, உயரத்துக்காக இல்லை. காந்த நடுக்கோடு எங்கள் பக்கமாகப் போகிறது. பூமியின் காந்தக் கோடுகள் அங்கே தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விட்டதும் அதே காரணத்துக்குத்தான்.

அந்தக் கோட்டுக்கு மேலே, நூறு நூற்றுப்பத்து கிலோமீட்டரில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடும். எலக்ட்ரோஜெட். சில நூறு கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். அதைப் பார்க்க ராக்கெட் வேண்டாம், தரையில் காந்தமானி போதும். மத்தியானம் திருநெல்வேலியில் காந்தப்புலம் கூடும். அந்தக் கோட்டிலிருந்து தள்ளி, பம்பாய் பக்கத்தில் இருக்கிற அலிபாகிலும் கொஞ்சம் கூடும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது எலக்ட்ரோஜெட். அலிபாக் நிலையம் அங்கே போன கதை தெரியுமா? முதலில் பம்பாய் கொலாபாவில் இருந்தது. ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது, காந்த ஊசி ஆடிவிடும் என்று 1904-இல் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

மொட்டைமாடி
சரி, மின்னோட்டம் ஓடுகிறது. அதற்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்?

ஓய்வு_இயற்பியல்
அந்த மின்னோட்டத்துக்கு டைனமோவே அலைதான். சைக்கிள் டைனமோவில் காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பிச்சுருள். இங்கே காந்தம் பூமி, கம்பிக்குப் பதில் மின்னேற்றம் பெற்ற காற்று. அதைச் சுழற்றுவது வளிமண்டல ஓதம். கடலுக்கு நிலா மாதிரி, காற்றுக்குச் சூரியனின் வெப்பம். கீழே நீராவியும், மீள் அடுக்கில் ஓசோனும் பகலில் சூடாகி, இரவில் ஆறி, அந்த மூச்சு அலையாக மேலே ஏறுகிறது.

இதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது, மொட்டைமாடி. புயல் இல்லாத வாரம் ஒன்றின் அழுத்தக் கோட்டை எடுத்துப் பாருங்கள். காலை பத்து, இரவு பத்து இரண்டு முகடு. விடியற்காலை நான்கு, மாலை நான்கு இரண்டு பள்ளம். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம் இருக்கும். நம் பக்கத்து வெப்பமண்டலத்தில் கடிகாரம் தோற்கும்.

மொட்டைமாடி
ஐயா!!

இப்போதுதான் பார்த்தேன். 2022 பிப்ரவரி முழுக்க அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷமாக இதைக் கருவிக்குள் வெயில் படுகிற கோளாறு என்று நினைத்து, நிழலுக்கு மாற்றி, தெர்மாகோல் பெட்டி செய்து, மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஏது வெயில் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சந்தேகப்பிராணி
சூரியன் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே வருகிறது? ஏன் இரண்டு முகடு? இதைச் சொல்லாமல் தாண்டாதீர்கள்.

ஓய்வு_இயற்பியல்
நல்ல கேள்வி, கெல்வின் பிரபுவுக்கே வந்த கேள்வி. வளிமண்டலத்துக்கு இயல்பாகவே பன்னிரண்டு மணி நேர ஊசல் இருக்கலாம், ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளுவதுபோல அது பெருகியிருக்கலாம் என்று 1882-இல் சொல்லிப் பார்த்தார். பல பத்தாண்டு நின்ற கருத்து, கடைசியில் விழுந்தது. பகலில் மட்டும் சூடேறினால் அந்த வெப்பக் கோடு வெறும் ஒற்றை அலையாக இருக்காது, அதற்குள் அரைநாள் தாளமும் ஒளிந்திருக்கும். உயரத்தில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் பரந்து கிடக்கும் ஓசோன் அந்த அரைநாள் அலையை ஒத்திசைவாகத் தள்ளும். ஒருநாள் அலையோ மேலும் கீழும் தனக்குத்தானே அடித்துக்கொண்டு தரையில் மெலிந்துபோகும்.

நெறியாளர்
இழை நன்றாகப் போகிறது. ‘ஐந்து நிமிடத்தில் அயனி மண்டலம்’ காணொளிச் சுட்டிகள் மூன்றை நீக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று சோப்பு விளம்பரம்.

வடதிசைக்காற்று
இவ்வளவு நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி மாணவி, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். நீளமாக இருக்கும்.

எலக்ட்ரோஜெட்டை ஓட்டுகிற அதே மின்புலம் பகலில் அயனிகளை மேலே தூக்கும். தூக்கப்பட்டவை காந்தக் கோடு வழியாக இரண்டு பக்கமும் சரிந்து, காந்த நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் பதினைந்து பாகை வாக்கில் குவியும். கோயில் திருவிழாவில் நீரூற்று வைப்பார்களே, தண்ணீர் நடுவில் எழும்பி ஓரத்தில் விழும், அப்படி. ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் 1946-இல் கவனித்தது. அதனால்தான் நடுக்கோட்டில் இருக்கும் தென் தமிழகத்துக்கு மேலே அயனிகள் குறைவாகவும், வடக்கே குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் பக்கம் அதிகமாகவும் இருக்கும்.

இந்த இரண்டு பட்டைகளும் பூமியைச் சுற்றிச் சீராக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். 2002 மார்ச், ஏப்ரலில் நாசாவின் ‘ஐமேஜ்’ செயற்கைக்கோள் புற ஊதாவில் எடுத்த படங்களை ஒட்டிப் பார்த்தபோது பட்டை நான்கு இடத்தில் தடித்திருந்தது. தாமஸ் இம்மெல் குழு 2006-இல் வெளியிட்டது. மூன்று தடிப்பு அமேசான், காங்கோ, இந்தோனேசியா பக்கம். பூமியில் இடி மழை கொட்டுகிற மூன்று பெரிய இடங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனிகளுக்கு, பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற மழை மேகம் எப்படித் தெரியும்? அதைவிட, நான்காவது தடிப்பு பசிபிக் கடலுக்கு மேலே. அங்கே அப்படி மழையும் இல்லை!

விடை ஓதத்தில் இருக்கிறது. மேகத்தில் நீராவி மழையாகும்போது வெப்பம் வெளியாகும். அது நாளுக்கு ஒரு தடவை கூடிக் குறையும், ஆனால் நிலமும் கடலும் மாறி மாறி இருப்பதால் இடத்துக்கு இடம் வேறுபடும். சூரியனோடு மேற்கே ஓடும் ஒற்றை முகட்டு அலையும், பூமியோடு ஒட்டிய இந்த நிலம்-கடல் வேறுபாட்டின் நாலு முகட்டுக் கூறும் கலந்தால் புதிதாக ஓர் அலை பிறக்கும். கிழக்கே ஓடும், மூன்று முகடு. இது மேலே ஏறுவதில் கெட்டிக்காரி, நூறு கிலோமீட்டர் தாண்டியும் உயிரோடு போகும். இப்போது சூரியனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே, எல்லா ஊரையும் ஒரே உள்ளூர் நேரத்தில் பார்த்தால், எதிரெதிரே ஓடும் மூன்றும் ஒன்றும் கூடி நாலாகத் தெரியும். பசிபிக்கில் மழை தேவையில்லை, நாலு முகட்டுக் கணக்கில் அந்த இடம் தானாக வந்து விழுகிறது. மூன்று மழைக்காடும் மூன்று தடிப்பும் என்று நேருக்கு நேர் பொருத்தினால் ஏமாந்துபோவோம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டு நாலு வந்த அன்று விடுதி உணவுக்கூடத்தில் சாம்பார் ஆறியே போய்விட்டது.

மேலே ஏறும் இந்தக் காற்றையும் அயனிகளையும் ஒருசேர அளக்க அனுப்பிய செயற்கைக்கோள்தான் ‘ஐகான்’. 2019 அக்டோபரில் போனது. 2022 நவம்பரில் தொடர்பு அற்றுவிட்டது. தொடர்பு அறுவதற்குப் பத்து மாதம் முன்னால் டோங்காவைப் பார்த்துவிட்டது. அன்றைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வழக்கமில்லாத அளவில் காற்று அடித்ததை ஐகானும், எலக்ட்ரோஜெட் தலைகீழாகத் திரும்பியதை ‘ஸ்வார்ம்’ செயற்கைக்கோளும் பதிந்தன.

சந்தேகப்பிராணி
அருமை, ஆனால் விடமாட்டேன். 2022 ஜனவரி 14 அன்று ஒரு காந்தப் புயல், அதாவது சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை ஆட்டுவது, வந்தது, பதிவைத் தேடிப் பார்த்தேன். துருவத்திலிருந்து பெரிய ரக அலை வரும் என்று சிற்றலைக்காரரே சொன்னார். 15-ஆம் தேதி ஆடியது எரிமலையாலா, புயலாலா? யார் பிரித்துச் சொன்னது?

வடதிசைக்காற்று
சரியான இடத்தில் பிடித்தீர்கள். துறைக்குள்ளேயே இதுதான் பெரிய தொல்லை. அன்றைக்கு நடந்த ஒவ்வொன்றையும் எரிமலைக் கணக்கில் எழுத முடியாது. எலக்ட்ரோஜெட் திரும்பியதில் புயலுக்குப் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அலையின் வடிவம் பொய் சொல்லாது. ஜிபிஎஸ் படத்தில் வளையங்கள் டோங்காவை மையமாக வைத்து விரிந்தன, லாம்ப் அலையின் வேகத்திலேயே. புயல் அலை என்றால் துருவத்திலிருந்து வரிசையாக வரும். இன்னொரு வேடிக்கை ஜப்பானில். அழுத்த அலை அங்கே போய்ச் சேருவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாகவே ஜப்பானுக்கு மேலே அயனி மண்டலம் நெளிந்தது. தரையில் இன்னும் ஒன்றுமே வரவில்லை! அந்த நேரத்தில் அலை ஆஸ்திரேலியாவைக் கடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவையும் ஜப்பானையும் ஒரே காந்தக் கோடுகள் இணைக்கின்றன. தெற்கே காற்று ஆட்டிய மின்புலம் காந்தக் கோட்டில் ஏறி, நொடிகளில் வடக்கே இறங்கிவிட்டது. கிணற்றுக் கயிற்றை இந்தப் பக்கம் ஆட்டினால் அந்தப் பக்க வாளி ஆடுகிற மாதிரி.

சந்தேகப்பிராணி
ஜப்பான் விஷயத்துக்குத் தலை வணங்குகிறேன். எலக்ட்ரோஜெட்டுக்கு இன்னும் இல்லை.

அமாவாசை
என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு மேலே ஏதாவது நடக்குமா? தாத்தா சொல்வார், அன்றைக்கு ரேடியோ சரியாக எடுக்காது என்று.

ஓய்வு_இயற்பியல்
ரேடியோவைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன், தாத்தாவிடம் தோற்க விருப்பமில்லை. நிலாவின் ஓதம் காற்றிலும் உண்டு. தரையில் மிகச் சின்னது, ஒரு ஹெக்டோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மேலே போனால் பெரிதாகிவிடும். சில நாள் பிற்பகலில் எலக்ட்ரோஜெட் மேற்கே திரும்பும். எதிர் எலக்ட்ரோஜெட் என்பார்கள். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் வருவதுண்டு.

2009 ஜனவரியில் வட துருவத்தில் மீள் அடுக்கு சில நாளில் பல பத்து பாகை சூடேறியது. அந்த வாரம் பெருவில் ஹிக்காமார்க்கா ரேடாரில் அயனிகள் காலையில் வழக்கத்தைவிட வேகமாக ஏறின, பிற்பகலில் இறங்கின. நாளுக்கு நாள் அந்த நேரம் தள்ளிக்கொண்டே போனது, நிலா உதிக்கும் நேரம் தள்ளுகிற மாதிரி. துருவத்துச் சூடு நிலாவின் ஓதத்துக்கு வழி திறந்துவிட்டது என்று விளக்குகிறார்கள். இதை வைத்து ஜாதகம் எழுதாமல் இருந்தால் சரி.

நாகை_கடல்
எல்லாம் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் தெருவில் பதினோரு பேர் போனார்கள். கடல் அலையும் மேலே ஏறும் என்றால், அன்றைக்கு மேலே தெரிந்திருக்குமா?

வடதிசைக்காற்று
தெரிந்தது, அண்ணா. ஆனால் பிறகுதான் தெரிந்தது. நடுக்கடலில் சுனாமியின் உயரம் அரை மீட்டர் சொச்சம்தான். கப்பலில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் மட்டம் மெதுவாக ஏறி இறங்குவதால், மேலே இருக்கும் காற்றுக்கு அது ஒரு பெரிய தட்டு அசைவது போல. நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து ‘ஜேசன்-1’ செயற்கைக்கோள் தற்செயலாக அந்தக் கடலுக்கு மேல் போனது. கடலின் உயரத்தையும் வழியில் இருந்த எலக்ட்ரான்களையும் ஒரே ரேடாரால் அளந்தது. இரண்டிலும் அலை இருந்தது. தரவைப் பிரித்துப் பார்த்தவர்கள் பின்னால்தான் சொன்னார்கள்.

இனி உதவுமா என்றால், ஓரளவுக்கு. நிலநடுக்க மையத்துக்கு நேர் மேலே ஒலி அலை எட்டு, பத்து நிமிடத்தில் அயனி மண்டலத்தை எட்டும். சுனாமியோடு கூடவே ஓடும் மிதப்பு அலை ஏறி வர ஒரு மணி நேரம் போல ஆகும். அன்றைக்குக் காலை ஆறரைக்கு நிலம் ஆடியது, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த இடைவெளிக்குள் அடங்கும். அமெரிக்காவின் ஜேபிஎல் ஆய்வகம் ‘கார்டியன்’ என்ற அமைப்பில் ஜிபிஎஸ் தரவை உடனுக்குடன் இப்படிப் பார்க்கிறது. நம் ஹைதராபாத் எச்சரிக்கை மையம் 2007-இலிருந்து இயங்குகிறது. அது நம்புவது நிலநடுக்கமானிகளையும் கடலில் மிதக்கும் கருவிகளையும்தான், அதுதான் முறையும்கூட. அயனி மண்டலம் இரண்டாவது சாட்சியாக நிற்கலாம். முதல் சாட்சியாக நிறுத்தினால், சந்தேகப்பிராணி சொன்ன புயல் நாளில் தவறான எச்சரிக்கை போய்விடும்.

நாகை_கடல்
சரிம்மா. விளங்கியது.

சந்தேகப்பிராணி
வணக்கம், நாகை. என் பெயரை இந்த இடத்தில் எடுத்திருக்க வேண்டாம், இருந்தாலும் அவர் சொன்னது சரி.

ஓய்வு_இயற்பியல்
மொட்டைமாடி, உங்களுக்கு வீட்டுப்பாடம். முதல் துள்ளல் நேர் வழியில் வந்தது. டோங்காவிலிருந்து சென்னை 12,000 கிலோமீட்டர், நம் நேரம் காலை ஒன்பதே முக்காலுக்கு வெடிப்பு, பத்தரை மணி நேரப் பயணம். இரண்டாவது எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தது, 28,000 கிலோமீட்டர். ஆனால் முதல் அலை நிற்கவில்லை. 40,000 கிலோமீட்டரை 315-ஆல் வகுத்தால் முப்பத்தைந்தேகால் மணி நேரம். 17-ஆம் தேதி காலை ஏழரை வாக்கில் அது மறுபடியும் உங்கள் மாடியைக் கடந்திருக்க வேண்டும். பத்து மணி ஓதத்துக்கு அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிற நேரம், அதனால் கண்ணுக்குப் படாது. வேறு நாள்களின் சராசரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மொட்டைமாடி
அமைதியான பத்து நாள்களின் சராசரி எடுத்து, 17-ஆம் தேதியிலிருந்து கழித்தேன். பிள்ளை எக்செல் போட்டுக் கொடுத்தான்.

7.20 வரை ஒன்றும் இல்லை. 7.34-க்கு ஏறுகிறது. அரை ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை, 7.50-க்குள் இறங்கிவிடுகிறது. படம் அடுத்த பதிவில் போடுகிறேன், கருவிப் பெட்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.